காட்டுத்தீயில் வேலி போனால் அமெரிக்க அரசு என்ன தரும்? ஈசிபி உதவியைத் தவறவிடாமல் பெறும் வழி

கேள்வி இது: டெக்சஸில் உறவினர் பங்குதாரராக இருக்கும் மாட்டுப் பண்ணையில் தீ புகுந்து மைல்கணக்கில் வேலி எரிந்துவிட்டது. அரசு 75 சதவீதம் கொடுக்கும் என்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? மாடுகள் சாலைக்கு வந்துவிடும் என்பதால் உடனே புது வேலி போட ஆரம்பிக்கலாமா?

75 சதவீதம் என்பது உண்மை. வேலையை ஆரம்பிப்பது பற்றித்தான் எச்சரிக்க வேண்டும். கம்பம் ஒன்றைக்கூட நடுவதற்கு முன், அந்தக் கவுண்டியின் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) பண்ணைச் சேவை முகமை அலுவலகத்துக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எஃப்எஸ்ஏ என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த உதவியை இழப்பவர்களில் பலர் தகுதி இல்லாமல் இழப்பதில்லை. செய்த வேலை சரியாக இருந்தும், அதைச் செய்த வரிசை தவறிப்போவதால்தான் இழக்கிறார்கள்.

திட்டத்தின் பெயர் அவசரகாலப் பாதுகாப்புத் திட்டம், சுருக்கமாக ஈசிபி. 1978ஆம் ஆண்டின் வேளாண் கடன் சட்டத்தின் நான்காம் பகுதியிலிருந்து வருகிறது. அமெரிக்க வேளாண் துறையின் கீழ் எஃப்எஸ்ஏ இதை நடத்துகிறது. நிலத்தில் என்ன செய்ய வேண்டும், எந்தத் தரத்தில் செய்ய வேண்டும் என்ற தொழில்நுட்ப யோசனையை என்ஆர்சிஎஸ் என்ற இன்னொரு பிரிவு தருவது வழக்கம். இது நஷ்ட ஈடு இல்லை. செத்த மாட்டுக்கோ, எரிந்த தீவனத்துக்கோ, கருகிய கொட்டகைக்கோ, டிராக்டருக்கோ, வீட்டுக்கோ இதில் ஒரு டாலர்கூட வராது. பேரிடரால் கெட்டுப்போன நிலத்தை மறுபடி விவசாயத்துக்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவில் அரசு ஒரு பங்கை ஏற்கிறது, அவ்வளவுதான். வேலி இந்தக் கணக்கில் வருவதற்குக் காரணம், வேலி இல்லாத மேய்ச்சல் நிலத்தை மேய்ச்சல் நிலமாகப் பயன்படுத்த முடியாது என்பதே.

வேலைகளுக்கு ஈசி1 முதல் ஈசி8 வரை எண்கள் உண்டு. அலுவலகத்தில் பேசும்போது இந்த எண்கள்தான் அடிபடும். ஈசி1 குப்பை கூளம், விழுந்த மரம், பாறை, மணல் அகற்றுவது. ஈசி2 அரித்துப்போன நிலத்தைச் சமன் செய்வது. ஈசி3 நிரந்தர வேலி. ஈசி4 கரை, வடிகால், குளம் போன்ற மண்வளப் பாதுகாப்புக் கட்டுமானங்களைச் சீர்செய்வது. ஈசி5 காற்றரிப்பைத் தடுப்பது. ஈசி6 கடும் வறட்சியில் கால்நடைக்கும், ஏற்கெனவே இருக்கும் பழத்தோட்டத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் தண்ணீர் ஏற்பாடு. ஈசி7 இவற்றில் அடங்காத பிற அவசர வேலைகள். ஈசி8 காற்றுத்தடுப்பு மர வரிசைகள். உங்கள் உறவினருக்கு வேண்டியது ஈசி3. எரிந்த மரங்கள் மேய்ச்சல் நிலத்தில் விழுந்து கிடந்தால் ஈசி1ஐயும் சேர்த்துக் கேட்கலாம்.

முதலில் தகுதி. ஜனாதிபதி பேரிடர் அறிவிப்பு வெளியிட்டாரா என்று காத்திருக்கத் தேவையில்லை. சேதத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கவுண்டியில் திட்டத்தைத் திறக்கக் கேட்பது கவுண்டிக் குழு. அந்தப் பகுதி விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு அது. திட்டம் திறந்த கவுண்டியில் நிலம் இருக்க வேண்டும், அதில் வணிக நோக்கில் விவசாயமோ கால்நடை வளர்ப்போ நடக்க வேண்டும். அதற்கு மேல் சேதத்துக்கு நான்கு சோதனைகள். அந்தப் பேரிடரால் புதிதாக உண்டான சேதம், சரிசெய்யாவிட்டால் நிலத்தைக் கெடுப்பதாகவோ ஆபத்துக்கு உள்ளாக்குவதாகவோ இருக்க வேண்டும். நிலத்தின் விளைதிறனைக் கணிசமாகப் பாதிக்க வேண்டும். அந்த இடத்தில் அடிக்கடி நேராத, வழக்கத்துக்கு மாறான சேதமாக இருக்க வேண்டும். காற்றரிப்புக்கு மட்டும் இதில் விலக்கு. கடைசியாக, அரசு உதவி இல்லாமல் சரிசெய்ய முடியாத அளவுக்குச் செலவு பிடிப்பதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது சோதனையில்தான் நிறைய விண்ணப்பங்கள் நொண்டும். வேலி ஓடையைக் கடக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் அடித்துப்போகும் துண்டு அது. அதைப் பேரிடர் சேதமாகக் காட்டினால் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. அதேபோல், தீ வருவதற்கு முன்பே சாய்ந்து, கம்பி தொங்கி, பெயருக்கு நின்ற வேலிக்கும் பணம் கிடைக்காது. சேதம் புதியதாக இருக்க வேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

சேர்க்கப்படாத நிலங்களும் உண்டு. குத்தகைக்கு விடப்படாத அரசு நிலம், ஆற்றங்கரைத் தடுப்புக்கு வெளியே ஆற்றுப் பக்கம் கிடக்கும் நிலம், ஓடைக்கரை, சாலை, பொழுதுபோக்கு இடம், மரத்துக்காக வளர்க்கும் காடு ஆகியவை வராது. தனியார் காட்டுக்கு ஈஎஃப்ஆர்பி என்ற தனித் திட்டம் இருக்கிறது. ஒரே பண்ணையில் மேய்ச்சலும் காடும் கலந்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மின்கம்பி அறுந்து பிடித்த தீ இயற்கைப் பேரிடரா என்ற சந்தேகம் டெக்சஸில் அடிக்கடி எழுகிறது. 2024 பிப்ரவரி 26 அன்று டெக்சஸின் வடக்கு முனையில் தொடங்கிய ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ 10.5 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்த மாநில வரலாற்றில் அதைவிடப் பெரிய தீ இல்லை. மின்கம்பியால் மூண்டது என்று டெக்சஸ் ஏ அண்ட் எம் வனச் சேவையின் விசாரணை கண்டது. முன்பென்றால் இது சிக்கல். 2018 பண்ணைச் சட்டம் அதைத் தீர்த்துவைத்தது: தீ மூண்ட காரணம் மனிதச் செயலாக இருந்தாலும், காற்று போன்ற இயற்கைக் காரணத்தால் அது பரவிச் சேதம் செய்திருந்தால் ஈசிபி பொருந்தும். அதனால் தீ எப்படிப் பிடித்தது என்று தெரியாமல் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பின்னால் மின் நிறுவனத்திடமோ காப்பீட்டிலோ அதே வேலிக்குப் பணம் வந்தால் அதை எஃப்எஸ்ஏவிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்கியது தணிக்கையில் தெரியவந்தால் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும்.

இனி வேலை நடக்க வேண்டிய வரிசை.

தீ அணைந்து நிலத்துக்குள் போக முடிந்ததும் முதல் வேலை படம் எடுப்பது. வேலி நெடுக, இடம் பதிவாகும்படி போனில் படம் எடுக்க வேண்டும். எரிந்த மூலைக் கம்பங்கள், அறுந்த கம்பி, வாயிற்கதவு, வேலி தொடங்கும் இடம், முடியும் இடம் எல்லாம் தெரிய வேண்டும். கூடவே பழைய வேலியின் விவரத்தை எழுதி வைக்க வேண்டும்: எத்தனை வரிசைக் கம்பி, கம்பங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எது மரம், எது இரும்பு, எத்தனை மூலைத் தாங்கல். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், அரசு பணம் கொடுப்பது முன்பு இருந்த வேலிக்கு இணையான வேலிக்குத்தான். ஐந்து வரிசை முள்கம்பி இருந்த இடத்தில் வலைக்கம்பி வேலி போடத் தடை இல்லை. ஆனால் கூடுதல் செலவு முழுவதும் பண்ணைக்காரருடையது. குப்பையை அள்ளிக் கொட்டிய பிறகு பழைய வேலி என்ன என்பதை நிரூபிக்க ஆதாரம் எதுவும் மிஞ்சாது.

அதே நாளில் அலுவலகத்துக்குப் போன். பண்ணைக்கு எஃப்எஸ்ஏவில் பண்ணை எண்ணும் நிலத்துண்டு எண்ணும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மானியம் எதுவும் வாங்காமல் மாடு மட்டும் வளர்த்தவர்களுக்குப் பெரும்பாலும் இது இருக்காது. அப்படியானால் அடையாளச் சான்று, நிலப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், கூட்டு நிறுவனமாக இருந்தால் அதன் பங்குதாரர் விவரம் எல்லாம் கொடுத்து முதலில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் உறவினர் பங்குதாரர் என்பதால் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்பதையும் அப்போதே எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. இத்துடன் ஏடி-1026 என்ற படிவம் கட்டாயம். எளிதில் அரிக்கும் நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் விதி மீறி உழமாட்டேன் என்ற உறுதிமொழி அது. 1985 பண்ணைச் சட்டத்திலிருந்து வரும் இந்த நிபந்தனையை மீறியவருக்கு ஈசிபி மட்டுமின்றி மற்ற மானியங்களும் நின்றுவிடும்.

உதவி கேட்கும் படிவம் எஃப்எஸ்ஏ-848. எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதைக் கவுண்டிக் குழு அறிவிக்கும். கவுண்டிக்குக் கவுண்டி மாறும். அதன் பிறகு அலுவலகத்திலிருந்து வந்து நிலத்தைப் பார்ப்பார்கள், சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கும். அருகிவரும் உயிரினம், தொல்லியல் இடம், சதுப்பு நிலம், நீரோடை ஆகியவற்றுக்குப் பாதிப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே ஒப்பந்தம். அந்தப் படிவம் 848ஏ. வேலையை முடித்து, முடித்ததைச் சான்றளித்துப் பணம் கேட்பது 848பி. இந்த மூன்று படிவ எண்களும் நினைவில் இருந்தால் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று குழப்பம் வராது.

848 கொடுத்ததை ஒப்புதல் கிடைத்ததாக எண்ணிக்கொள்வது பெரிய தவறு. ஒப்புதலுக்கு முன் செய்த வேலைக்குப் பணம் மறுக்கப்படலாம். மாடு சாலைக்கு வரும் அவசரம் அலுவலகத்துக்கும் தெரியும். பெரும் பேரிடர்களில் வேலிக்கும் குப்பை அகற்றலுக்கும் முன்கூட்டியே தொடங்க விலக்கு அளிப்பதும் உண்டு. ஆனால் அந்த விலக்கு உங்கள் கவுண்டிக்கு உண்டா, மண்ணைக் கிளறாத வேலைக்கு மட்டுமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவரை மாட்டை அடக்க, தற்காலிக மின்வேலி போதும். அதற்கு ஈசிபியில் பணம் எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய வேலி போன அதே தடத்தில் கம்பம் அடிப்பதற்கும், நூறு அடி தள்ளிப் புதுத் தடத்தில் புல்டோசர் விட்டுச் சுத்தம் செய்து அடிப்பதற்கும் ஆய்வில் வித்தியாசம் பெரியது. தடம் மாறினால் மண் புதிதாகக் கிளறப்படுகிறது; ஆய்வு நீளும். ஓடைக்குள் இயந்திரம் இறக்கினால் ராணுவப் பொறியாளர் படையின் அனுமதியும் தேவைப்படலாம். வேறு காரணம் இல்லாவிட்டால் பழைய தடத்தையே பிடித்துக்கொள்வது நல்லது.

இப்போது கணக்கு. 75 சதவீதம் என்பது பில்லில் உள்ள தொகையின் 75 சதவீதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் உச்ச விலை ஒன்று நிர்ணயிக்கப்பட்டிருக்கும். உண்மைச் செலவு, அந்த உச்ச விலை, இரண்டில் எது குறைவோ அதன் மீதுதான் 75 சதவீதம். புரிவதற்காக மட்டும் ஓர் எண் எடுத்துக்கொள்வோம்: வேலிக்கு அடிக்கு 3 டாலர் உச்ச விலை என்று வையுங்கள். ஒரு மைல் 5,280 அடி. ஆக 15,840 டாலர். அதில் 75 சதவீதம் 11,880. காண்ட்ராக்டர் 18,000 வாங்கினாலும் கிடைப்பது 11,880தான். கையிலிருந்து போவது 6,120. 13,000க்கு வேலை முடிந்தால் கிடைப்பது 9,750. பெருந்தீக்குப் பிறகு வேலிக்காரர்களுக்குக் கிராக்கி ஏறிக் கூலியும் ஏறுவதால், உச்ச விலைக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி விரியும். விலைப்புள்ளி வாங்கும் முன்பே உங்கள் கவுண்டியின் உச்ச விலைப் பட்டியலைக் கேட்டு வாங்கச் சொல்வது இதனால்தான்.

பொருள் கணக்கும் கையில் இருக்கட்டும். முள்கம்பிச் சுருள் ஒன்று 1,320 அடி, அதாவது கால் மைல். ஐந்து வரிசை வேலிக்கு மைலுக்கு 20 சுருள். கம்பங்களை 16.5 அடிக்கு ஒன்றாக நட்டால் மைலுக்கு 320. மூலைத் தாங்கல்கள் இதற்கு மேல். பில்லில் உள்ள சுருள் எண்ணிக்கையும் அளந்த வேலி நீளமும் ஒத்துப்போகாவிட்டால் சான்றளிக்கும்போது கேள்வி வரும்.

எரிந்த கம்பியை மறுபடி இழுத்துக் கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மரக்கம்பம் நின்று எரிந்த இடத்திலும், புதர் அடர்ந்த இடத்திலும் கம்பியின் பூச்சு போய், இரும்பும் பதம் இழந்துவிடும். அப்போதைக்கு நிற்பதுபோல் இருக்கும். இழுத்தால் அறும், அல்லது சீக்கிரம் துருப்பிடிக்கும். புல்தீ வேகமாகக் கடந்துபோன இடத்தில் இரும்புக் கம்பங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். மரக்கம்பம் மேலே முழுசாகத் தெரிந்தாலும் தரைமட்டத்தில் உள்ளுக்குள் எரிந்திருக்கும். காலால் தள்ளிப் பார்த்தால் தெரியும். பார்வையிட வருபவரோடு கூடவே நடந்து இந்த இடங்களைக் காட்ட வேண்டும். அவர் குறிக்கும் நீளம்தான் ஒப்பந்தத்தில் ஏறும்.

90 சதவீதம் கிடைப்பவர்களும் உண்டு. வருமானம் குறைந்த விவசாயிகள், விவசாயத்துக்கு வந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகாதவர்கள் சிசிசி-860 படிவத்தில் சான்றளித்து இதைக் கேட்கலாம். சமூக ரீதியில் பின்தங்கியவர்கள் என்ற பிரிவும் சட்டத்தில் இருந்தாலும், இனம், பாலினம் ஆகியவற்றின் அடிப்படையில் முன்னுரிமை தருவதை நிறுத்துவதாக வேளாண் துறை 2025 ஜூலையில் அறிவித்தது. உறவினர் அண்மையில்தான் பண்ணைக்குள் வந்தவர் என்றால், புதிய விவசாயி என்ற தகுதியைக் கண்டிப்பாகக் கேட்டுப் பார்க்கட்டும்.

உச்சவரம்பு, ஒரு பேரிடருக்கு ஒரு நபருக்கு அல்லது ஒரு நிறுவனத்துக்கு 5 லட்சம் டாலர். அது போக, பாதிக்கப்பட்ட நிலத்தின் வேளாண் மதிப்பில் பாதிக்கு மேல் உதவி போகக்கூடாது. விலை மலிவான வறண்ட மேய்ச்சல் நிலத்தில் நீண்ட வேலி எரிந்தவர்களைத் தடுப்பது 5 லட்சம் வரம்பைவிட இந்தப் பாதி மதிப்பு வரம்பாகத்தான் இருக்கும்.

கையில் பணம் இல்லாமல் வேலையை எப்படி முடிப்பது? பொது விதி, முதலில் செலவு, பிறகு பணம். 2018 சட்டம் முதலில் வேலிக்கு மட்டும் ஒரு வழி விட்டது, பின்னர் அது மற்ற ஈசிபி வேலைகளுக்கும் விரிந்தது: கிடைக்க வேண்டிய தொகையில் 25 சதவீதம் வரை முன்பணமாகக் கேட்கலாம். மேலே சொன்ன உதாரணத்தில் அது 2,970 டாலர். வாங்கிய 60 நாளுக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே கம்பி எப்போது வரும், ஆள் எப்போது வருவார் என்று உறுதியான பிறகே முன்பணம் கேளுங்கள். ஒரே நேரத்தில் பல கவுண்டிகளில் வேலி போடும்போது கம்பிக்கும் ஆளுக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். 60 நாள் அதற்குள் ஓடிவிடும்.

சொந்த உழைப்பையும் சொந்த இயந்திரத்தையும் செலவில் சேர்க்கலாம். அதற்கு அன்றன்றைக்கே எழுதிய குறிப்பு வேண்டும்: தேதி, யார், எத்தனை மணி, எந்த இயந்திரம், எந்தத் துண்டில் வேலை. மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதிய கணக்கைச் சரிபார்ப்பவர் நம்பமாட்டார். குத்தகைக்காரரும் விண்ணப்பிக்கலாம், செலவை யார் ஏற்கிறாரோ அவருக்குத்தான் பங்கு. எல்லை வேலியைப் பக்கத்துப் பண்ணையோடு சேர்ந்து போட்டால் இருவரும் தத்தம் பங்குக்குத் தனித்தனியே விண்ணப்பித்து, பில்லையும் பிரித்து வாங்க வேண்டும். ஒருவர் பெயரில் மொத்த பில்லும் இருந்தால் மற்றவர் தம் செலவைக் காட்ட வழியில்லை.

வெள்ளச் சேதத்துக்கும் இதே நடைமுறைதான், செலவுக் கணக்குதான் பயமுறுத்தும். 2019 மார்ச்சில் நெப்ராஸ்காவின் நயோப்ராரா ஆற்றில் ஸ்பென்சர் அணை உடைந்தபோதும், 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் வட கரோலைனாவின் மேற்கு மலைப்பகுதியைப் புரட்டியபோதும் ஆற்றோர வயல்களில் மணலும் மரமும் குவிந்தன. ஓர் ஏக்கரில் ஓரடி மணல் நின்றால் அது 43,560 கன அடி, ஏறக்குறைய 1,613 கன கஜம். லாரிக்குப் பன்னிரண்டு கன கஜம் என்றால் 135 நடை. ஓரிரு அங்குல மணலை உழுதே மண்ணோடு கலந்துவிடலாம். அதற்கு மேல் ஆழமாக உழுவதா, பரப்புவதா, அள்ளுவதா என்று என்ஆர்சிஎஸ் ஆளிடம் கேட்டபின் முடிவெடுப்பது செலவைப் பாதியாகக்கூடக் குறைக்கும். அள்ளிய மணலைச் சதுப்பிலோ ஓடைக்கரையிலோ கொட்டினால் ஏடி-1026 உறுதிமொழி மீறப்படும் ஆபத்து இருக்கிறது. கொட்டும் இடத்தையும் முன்கூட்டியே ஒப்புதலில் சேர்த்துவிட வேண்டும். ஓடைக்கரை உடைப்பைச் சரிசெய்ய என்ஆர்சிஎஸ் நடத்தும் ஈடபிள்யூபி திட்டம் உண்டு. அதற்குக் கவுண்டியோ நகராட்சியோ போன்ற உள்ளூர் அமைப்பு முன்னின்று கேட்க வேண்டும்.

ஈசிபி தொடாத நஷ்டங்களுக்கு அதே எஃப்எஸ்ஏ அலுவலகத்திலேயே வேறு கதவுகள் இருக்கின்றன. தீயில் செத்த மாடுகளுக்கு எல்ஐபி, சராசரிச் சந்தை மதிப்பில் 75 சதவீதம். எரிந்த தீவனத்துக்கும், தனியார் நிலத்தில் எரிந்த மேய்ச்சலுக்கும் ஈஎல்ஏபி. இவற்றுக்கு நஷ்டத்தைத் தெரிவிக்கத் தனிக் கெடு உண்டு. செத்த மாடுகளைப் புதைக்கும் முன் காதுப்பட்டை எண்ணோடு படமும், கால்நடை மருத்துவர் அல்லது வெளியாள் ஒருவரின் எழுத்துச் சான்றும் வாங்கிவிட வேண்டும். வேலி பற்றிப் பேசப் போகும் அதே நாளில் இவற்றையும் கேட்டுவிடலாம்.

பணம் எப்போது வரும் என்பதில் நம்பிக்கையை அளவாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஈசிபிக்கு ஆண்டுதோறும் உறுதியான ஒதுக்கீடு இல்லை. பேரிடருக்குப் பேரிடர் நாடாளுமன்றம் ஒதுக்கும் கூடுதல் நிதியை நம்பி நடக்கிறது. ஒதுக்கீடு தீர்ந்திருந்தால், தகுதி உள்ள விண்ணப்பமும் வரிசையில் காத்திருக்கும். தொகை பெரிதானால் கவுண்டிக் குழுவைத் தாண்டி மாநிலக் குழுவுக்கும் வாஷிங்டனுக்கும் போகும். வங்கியில் கடன் பேசும்போது இந்தப் பணத்தை இந்த மாதம் வரும் வருமானமாகக் காட்டாமல் இருப்பது நல்லது.

வரியிலும் கவனம் வேண்டும். உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 126ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடும் திட்டங்களில் இதுவும் ஒன்று. நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கிடைத்த தொகையில் ஒரு பகுதியை வருமானத்திலிருந்து விலக்கலாம். அப்படி விலக்கிய தொகையை வேலியின் அடக்கவிலையில் சேர்த்துத் தேய்மானம் எடுக்க முடியாது. எது லாபம் என்பது அந்த ஆண்டின் மற்ற வருமானத்தைப் பொறுத்தது. பண்ணைக் கணக்கு தெரிந்த வரி ஆலோசகரிடம் 126 என்று எண்ணைச் சொல்லியே கேட்கட்டும். பொதுவாக வரி பார்ப்பவர்கள் பலர் இதைத் தொடுவதில்லை.

வேலை முடிந்த பின் பில், ரசீது, உழைப்புக் குறிப்பு, முடிந்த வேலியின் படம் எல்லாவற்றையும் வைத்து 848பி கொடுப்பார்கள். ஒப்புதல் கடிதத்தில் போட்ட கடைசித் தேதிக்குள் வேலை முடியாது என்று தெரிந்தால், தேதி முடியும் முன்பே எழுத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் சிக்கல். பணம் வந்த பிறகும், குறித்த காலம்வரை வேலியைப் பராமரிக்கும் கடமை உண்டு. அதற்குள் நிலத்தை விற்றால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

விண்ணப்பத்தை நிராகரித்தால் வாய்மொழியாக வாதாட வேண்டாம். எந்த விதியின்படி மறுத்தார்கள் என்பது கடிதத்தில் இருக்கும். கவுண்டிக் குழுவிடம் மறுபரிசீலனை கேட்கலாம், மாநிலக் குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம், சமரசப் பேச்சு கேட்கலாம், வேளாண் துறையின் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவுக்கும் போகலாம். அந்தப் பிரிவுக்குப் போக, கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாள் கெடு. உறையில் உள்ள அஞ்சல் முத்திரையையும் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.